டோனர் காரிலிருந்து ஸ்போர்ட்ஸ் கார் வரை: முதல்முறை கிட் கார் கட்டுபவர்களுக்கு

கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டும் கார், கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் அந்தப் பாகத் தொகுப்பான கிட்டைத்தான் தேடிப் போகிறார்கள். அலுமினியப் பக்கங்களும் நீண்ட மூக்கும் உள்ள படத்தைப் பார்த்து மயங்கி, முன்பணம் கட்டிவிட்டு, "உள்ளே போட ஒரு பழைய கார் வாங்கணுமாமே?" என்று அப்புறம் கேட்பார்கள். நானும் அந்த வரிசையில் வந்தவன்தான். இங்கிலாந்தில் என் வீட்டுக் கராஜில் இரண்டரை வருடம் நடந்த வேலையில், கிட் பெட்டிகளோடு கழிந்த நாட்கள் நாலில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் அந்தப் பழைய காரோடு மல்லுக்கட்டியதுதான்.

அந்தப் பழைய காருக்குத்தான் டோனர் கார், அதாவது தானம் கொடுக்கும் கார், என்று பெயர். அதன் என்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் (சக்தியைப் பின் சக்கரம் இரண்டுக்கும் பிரித்துக் கொடுப்பது), ஹப் (சக்கரம் பூட்டும் நடுப்பகுதி), பிரேக், ஸ்டியரிங் எல்லாம் சேர்ந்தது ரன்னிங் கியர். கிட் விற்பவர் தருவது இவற்றைத் தாங்கும் சேஸியும் மேல் உடுப்பும். ஓடுவது, திரும்புவது, நிற்பது மூன்றும் டோனர் செய்கிற வேலை.

இது நேற்று வந்த பழக்கமில்லை. இந்த வகைக் கார்களுக்கெல்லாம் பாட்டன் 1957இல் வந்த லோட்டஸ் செவன். லோட்டஸை நிறுவிய காலின் சாப்மன் அதற்கென்று தனியாக என்ஜின் வார்க்கவில்லை. ஃபோர்டின் 1,172 சிசி சைடு வால்வு என்ஜினை எடுத்துப் போட்டார். பின் ஆக்சில் நாஷ் மெட்ரோபாலிட்டன் என்ற சின்னக் காருடையது. முழுக் காராக விற்றால் அன்றைய பிரிட்டனில் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக விற்றால் இல்லை. பாகங்களோடு பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்பதால் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, கடைசியிலிருந்து படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. 1973இல் செவனின் உரிமை கேட்டர்ஹாம் என்ற நிறுவனத்துக்குப் போனது. அதே உருவத்தில் பல சிறு தயாரிப்பாளர்கள் இன்றுவரை கிட் விற்கிறார்கள்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதற்குக் குறுக்கே நிற்கும். கீழே வரும் பதிவு, சோதனை சமாச்சாரம் எல்லாம் பிரிட்டனுக்கு மட்டுமே பொருந்தும்.

எந்தக் கார்?

ஒரு காலத்தில் ஃபோர்டு எஸ்கார்ட், கார்டினாதான் டோனர். எஸ்கார்ட் மார்க் 2 இன்று சேகரிப்பாளர் விலைக்குப் போய்விட்டது. அதை அறுத்தால் பாவம் சேரும். அடுத்து 1982 முதல் 1993 வரை வந்த ஃபோர்டு சியரா. அதுவும் இப்போது கண்ணில் படுவதே அபூர்வம். எனவே புதிதாக இறங்குபவருக்கு நான் சொல்வது ஒரே கார்: மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை (1989–1997) அல்லது இரண்டாம் தலைமுறை (1998–2005). ஜப்பானிலிருந்து இறக்குமதியான யூனோஸ் ரோட்ஸ்டரும் இதே கார்தான்.

என்ஜின் முன்னே, இழுப்பு பின் சக்கரத்தில், நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்கும் இரட்டைக் கை). செவன் மாதிரி காருக்கு வேண்டிய அமைப்பு அப்படியே இருக்கிறது. அதைவிடப் பெரிய லாபம், எல்லாம் ஒரே காரிலிருந்து வருகிறது. பழைய கிட்களில் கார்டினாவின் அப்ரைட் (ஹப்பைத் தாங்கும் பாகம்), எஸ்கார்ட்டின் ஆக்சில், வேறெதிலிருந்தோ என்ஜின் என்று நாலு வீட்டுப் பண்டத்தைச் சேர்த்துச் சமைக்க வேண்டியிருந்தது. ஒன்றுக்கொன்று பொருந்தாத போல்ட், பொருந்தாத கேபிள் என்று வாரக் கடைசிகள் கரையும்.

1.6 லிட்டர் வாங்குவதா 1.8 லிட்டர் வாங்குவதா என்று கேட்பார்கள். 1993இல் வந்த 1.8இல் பிரேக் டிஸ்க் பெரிது, டிஃபரன்ஷியலும் பருமன். 1.6இன் கிரவுன் வீல் (டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரம்) 6 அங்குலம், 1.8இல் 7 அங்குலம். இரண்டின் ஹாஃப் ஷாஃப்டும் (டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) ஒன்றுக்கொன்று சேராது. 1.6 வாங்கி, பிறகு 1.8 டிஃபரன்ஷியல் போடலாம் என்று நினைத்தால் ஷாஃப்ட், கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். முடிந்தால் நேராக 1.8க்குப் போங்கள். 600 கிலோ சொச்சம் எடையுள்ள காருக்கு 1.6இன் சக்தியே தாராளம். நான் பார்ப்பது டிஃபரன்ஷியலைத்தான்.

கிட் இரண்டு விதம் என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். எக்ஸோசெட் போன்ற கிட்களில் எம்எக்ஸ்-5இன் சப்ஃபிரேம் (என்ஜினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் துணைச் சட்டம்), சஸ்பென்ஷன், என்ஜின் எல்லாம் பூட்டியபடியே இருக்க, பழைய பாடியைத் தூக்கிவிட்டுப் புதுச் சேஸியை மேலே இறக்கிவிடுகிறோம். முதல்முறைக்காரருக்கு இதுதான் எளிது. செவன் உருவக் கிட்டில் விஷ்போனும் ஷாக் அப்சார்பரும் கிட்காரர் கொடுப்பது. டோனரிலிருந்து என்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹாஃப் ஷாஃப்ட், அப்ரைட், பிரேக், ஸ்டியரிங் தண்டு மட்டும் போகும். அழகு அதில் அதிகம், தலைவலியும் அதிகம். நான் கட்டியது செவன். கீழே சொல்வதில் பாதிக்கு மேல் இரண்டுக்கும் பொருந்தும்.

வாங்கும்போது

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இந்தத் தானக்காரனைப் பிடித்து ஒவ்வொரு பல்லாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது அடித்தளம் துருப்பிடித்து, உயிர் நன்றாக இருக்கும் கார். எம்எக்ஸ்-5க்குக் கதவுக்குக் கீழே இருக்கும் சில்தான் முதலில் அரிக்கும். அதனால் எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையில் தோற்கப்போகிற காரை மற்றவர்கள் தொடமாட்டார்கள், விலை இறங்கும். நான் வாங்கியது 1996ஆம் வருடத்து 1.8. சில்லில் விரலை வைத்து அழுத்தினால் உள்ளே போகும். ஆனால் குளிர்ந்த என்ஜின் ஒரே செல்ஃபில் பிடித்தது. எம்ஓடி இன்னும் ஐந்து வாரம் பாக்கி.

என்ஜின் சூடாக இருக்கும்போது விற்பவர் காட்டினால் மறுநாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிரில் ஸ்டார்ட் செய்து பாருங்கள்: நீலப் புகை வருகிறதா? டாப்பெட் சத்தம் கொஞ்ச நேரத்தில் அடங்குகிறதா? ஓட்டும்போது இரண்டாவது கியர் கரகரக்கிறதா? வேகத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வருகிறதா? கிளட்ச் பெடல் சொத்தென்று இறங்கினால் பெரும்பாலும் ஸ்லேவ் சிலிண்டர் கசிவு. அது சின்ன வேலை. விலை பேச உதவும்.

வி5சி என்கிற பதிவுச் சான்றில் உள்ள என்ஜின் எண்ணும் என்ஜினில் வெட்டியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பின்னால் என்ஜினின் வயதை நிரூபிக்க வேண்டிவரும். எண் பொருந்தாத கார் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பிந்திய மாடலாக இருந்தால் சாவி, இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) பெட்டி, இசியு என்கிற என்ஜின் கணினி மூன்றும் ஒரே செட்டாகக் கைக்கு வர வேண்டும். ஒன்று தொலைந்தாலும் என்ஜின் உறுமாது.

பிரிக்கும் முன் ஓட்டுங்கள்

இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. வாங்கிய அன்று மாலையே ஸ்பேனரைத் தூக்குகிறார்கள். எம்ஓடி இருக்கும் வரை, குறைந்தது மூன்று நாலு வாரம், அந்தக் காரிலேயே வேலைக்குப் போய் வாருங்கள். டேஷ்போர்டில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு சத்தத்தையும் எழுதுங்கள்.

ஏன் என்றால், ஒன்றரை வருடம் கழித்து நீங்கள் கட்டிய கார் முதல்முறை ரோட்டில் இறங்கி "ம்ம்ம்" என்று முனகும்போது, அது டோனரின் பழைய நோயா, நீங்கள் பூட்டியதில் பிழையா என்று சொல்ல அந்த நோட்டைத் தவிர சாட்சி கிடையாது. என் நோட்டில் ஒரு வரி: "50 மைல் வேகம், இடது வளைவில் முனகல், வலது வளைவில் இல்லை." இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரத்தில் விழும். வலது முன் ஹப் பேரிங் போயிருந்தது. காரோடு இருந்தபோதே தெரிந்ததால் ஹப்பை மாற்றியே சேஸியில் ஏற்றினேன்.

பிரித்தல்

முதல் நாள் ஒரு நட்டையும் தொடாதீர்கள். போனை எடுத்து நூறு நூற்றைம்பது படம் எடுங்கள். ஒவ்வொரு ஒயர் இணைப்பு, ஒவ்வொரு ஹோஸ் போகும் வழி, ஒவ்வொரு பிராக்கெட். எடுத்தது போதும் என்று தோன்றும்போது இன்னும் ஐம்பது.

பாகங்களுக்கு ஜிப் போட்ட பிளாஸ்டிக் பை, உள்ளே பென்சிலில் எழுதிய அட்டை. பையின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதினால் போதும் என்று நான் நினைத்தேன். கராஜின் ஈரத்தில் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் டேப் எல்லாம் உதிர்ந்து தரையில் கிடந்தது. நாற்பது பை, ஒன்றின் மேலும் பெயர் இல்லை. அட்டை உள்ளே இருக்கட்டும்.

வேலையின் வரிசை சுருக்கமாக இது:

பேட்டரியைக் கழற்றிவிட்டு கொஞ்ச நேரம் காத்திருங்கள். ஏர்பேக் இருந்தால் அது வெடிமருந்து. முகம் உங்களைப் பார்க்காதபடி தூக்கி, பை வெடித்து விரியும் பக்கம் மேலே இருக்கும்படி தனியாக வையுங்கள். ஏசி இருந்தால் அதன் வாயுவை நீங்களே திறந்துவிடக் கூடாது. சான்று பெற்றவர் வந்து உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு பெட்ரோல், கூலன்ட், என்ஜின் ஆயில், கியர் ஆயில் எல்லாம் வடித்து, தனித்தனிக் கேனில். பிரேக் ஆயிலை மட்டும் ஹப் நட் விட்ட பிறகு வடியுங்கள்.

சீட், கார்ப்பெட், டேஷ்போர்டு வெளியே. ஒயரிங் ஹார்னஸை, அதாவது காரின் மொத்த ஒயர்க் கட்டை, வெட்டாமல் முழுசாக உருவி எடுங்கள். இதற்கு மட்டும் எனக்கு மூன்று வாரக் கடைசி ஆனது. வெட்டினால் ஒரு மணி நேரம்; ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் மூன்று மாதம் அழ வேண்டியிருக்கும்.

ஹப் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். அதன் உதடு ஷாஃப்டின் பள்ளத்துக்குள் தட்டி மடக்கப்பட்டிருக்கும். சின்ன உளியால் அதை நிமிர்த்திவிட்டு, 29 மிமீ சாக்கெட், ஒரு மீட்டர் குழாய், பிரேக்கை மிதிக்க ஒரு ஆள். என் மனைவி மிதித்தார். முதலில் ஒன்றும் நடக்காது, அப்புறம் குழாய் லேசாக வளைவது தெரியும். ஏதோ உடைந்துவிட்டது என்று நெஞ்சு பதறும்படி "டக்" என்று ஒரு சத்தம் வந்து நட் விடும். பழைய நட்டைத் திரும்பப் போடாதீர்கள், புதுசு வாங்குங்கள். மற்ற துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு ஒரு வாரம் முன்பே தினமும் துரு நீக்கும் எண்ணெய் அடித்துவாருங்கள்.

கடைசியாகப் பாடியைத் தூக்குவது. எம்எக்ஸ்-5இல் இது சுலபம். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள், ஸ்பீடோமீட்டர் இணைப்பு, ஹீட்டர் ஹோஸ், கிளட்ச் குழாய், கியர் லிவர், ஸ்டியரிங் தண்டின் கீழ் ஜாயின்ட், ஷாக் அப்சார்பரின் மேல் நட், சப்ஃபிரேம் போல்ட். இவ்வளவும் விட்டால் பாடி தனி, ரன்னிங் கியர் தனி. கதவு, பானட், டிக்கி மூடி எல்லாம் முன்பே கழற்றி எடை குறைத்திருந்தோம். நண்பர்கள் ஆறு பேர் ஆளுக்கொரு மூலை பிடித்துப் பல்லக்கு மாதிரி தூக்கிப் பின்னால் நடந்தார்கள். பத்து அடி போனதும் ஒருவர் "மறந்துட்டோம்!" என்று கத்தினார். பின்பக்கம் ஒரு எர்த் ஒயர் இழுத்துக்கொண்டு நின்றது. ஏதாவது ஒன்று நிச்சயம் மறந்திருக்கும்; முதலில் ஒரு சாண் மட்டும் தூக்கி நிறுத்தி, சுற்றி ஒரு முறை பாருங்கள். காருக்குக் கீழே போகும்போதெல்லாம் ஆக்சில் ஸ்டாண்ட் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுப்பவருக்கு இந்தக் கட்டுரையில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

மிச்சத்தை விற்றால் டோனருக்குக் கொடுத்த பணத்தில் நல்ல பங்கு திரும்பும். ஹார்டுடாப் இருந்தால் அது தங்கம். சீட், கதவு, மடிந்து எழும் ஹெட்லைட், கிழியாத கூரைத் துணி எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. பாடியை இரும்புக்கு அனுப்பும் முன் மட்டும் பொறுங்கள். அந்தப் பதிவு எண்ணின் பேரில் அழிப்புச் சான்று போய்விட்டால் உங்கள் புதுக் காரின் பதிவில் சிக்கல் வரலாம். வாகனப் பதிவைக் கவனிக்கும் அரசு அலுவலகமான டிவிஎல்ஏவிடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு அனுப்புங்கள்.

மேசையில் இருக்கும்போதே

என்ஜினும் கியர்பாக்ஸும் தரையில், நாலு பக்கமும் கை போகிற மாதிரி இருக்கும் காலம் இது ஒன்றுதான். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிராங்க்கின் முன் பின் ஆயில் சீல், கிளட்ச் பிளேட்டு செட், கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர், டிஃபரன்ஷியலின் பக்கச் சீல்: நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். செவனில் ஏற்றிய பிறகு கிராங்க் பின் சீல் கசிந்தால் என்ஜினையே மறுபடி இறக்க வேண்டும். கியர் லிவர் உட்காரும் கிண்ணத்துக்குள் தனியாகக் கொஞ்சம் ஆயில் இருக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. அங்கே உள்ள ரப்பர் பூட்டையும் ஆயிலையும் மாற்றினால் கியர் புதுக் கார் மாதிரி விழும்.

பின் பிரேக் காலிப்பரில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லியே ஆக வேண்டும். முன் காலிப்பர் பிஸ்டனை ஜி-கிளாம்ப் வைத்து அழுத்தினால் உள்ளே போகும். அதே பழக்கத்தில் பின் காலிப்பரிலும் கிளாம்பை வைத்து முறுக்கினேன். அசையவில்லை. இன்னும் முறுக்கினேன். உள்ளே ஏதோ நொறுங்கியது. எம்எக்ஸ்-5இன் பின் காலிப்பரில் ஹேண்ட்பிரேக்குக்கான திருகு பிஸ்டனோடு சேர்ந்திருக்கிறது. பின்பக்கம் ஒரு சின்ன போல்ட்டை மூடி மாதிரி போட்டிருப்பார்கள். அதைக் கழற்றினால் உள்ளே அலன் கீ போகும் துளை. இடப்பக்கம் சுற்றினால் பிஸ்டன் உள்ளே போகும். பூட்டிய பிறகு வலப்பக்கம் சுற்றி, பேடு டிஸ்கைப் பிடித்ததும் மூன்றில் ஒரு சுற்று பின்னால் விட வேண்டும். அலன் கீயின் விலை ஒரு பவுண்டு. நான் நொறுக்கியதற்கு மாற்றுக் காலிப்பர் வாங்கிய விலையைச் சொல்ல மனமில்லை.

புதுச் சேஸியில் ஏற்றும்போது

எம்எக்ஸ்-5இல் கியர்பாக்ஸின் வாலையும் டிஃபரன்ஷியலையும் பிபிஎஃப் என்ற நீளமான அலுமினியச் சட்டம் இணைக்கிறது. அதனால் கியர்பாக்ஸின் வாலுக்கென்று பாடியில் மவுன்டிங்கே கிடையாது. பல செவன் கிட்களில் பிபிஎஃப் போடுவதில்லை. அப்போது கியர்பாக்ஸுக்கு ஒரு மவுன்டிங்கும், டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே எழும்பாமல் பிடிக்க ஒரு ஏற்பாடும் கிட்காரர் தர வேண்டும். கிட் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. என் கிட்டோடு வந்த மவுன்டிங் தகடு இரண்டாவது மாதமே விரிசல் விட்டது. தடித்த தகட்டில் வேறு செய்து வாங்கினேன்.

புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் மாறுவது சகஜம். என்ஜினும் டிஃபரன்ஷியலும் கடைசி இடத்தில் உட்கார்ந்த பிறகு அளவெடுத்து, ஷாஃப்ட் வேலை மட்டுமே செய்யும் பட்டறையில் வெட்டி, பேலன்ஸ் செய்து வாங்குங்கள். நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று சுற்றும் குழாய் உங்கள் இடுப்புக்குப் பக்கத்தில் ஓடப்போகிறது. வீட்டு வெல்டிங் வேண்டவே வேண்டாம். ஸ்டியரிங் தண்டுக்கும் அதே சட்டம். மோதலில் மடங்கும் அமைப்பு டோனரின் தண்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதை அறுக்காதீர்கள், நீட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் கிட்காரரின் இடைத்துண்டைப் போடுங்கள்.

பெட்ரோல் பம்ப் பழைய டேங்க்குக்குள் இருந்தது, புது டேங்க் வேறு உருவம். முதல் தலைமுறை என்ஜினில் மிஞ்சிய பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்பும் குழாய் உண்டு. இரண்டாம் தலைமுறையில் பொதுவாக அது இல்லை, அழுத்தம் டேங்க் பக்கமே கட்டுப்படுத்தப்படுகிறது. உங்கள் கிட்டின் டேங்க்கும் உங்கள் என்ஜினும் ஒரே பேச்சில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஒயரிங்

மின்சாரம் என்றாலே பயப்படுகிறவர்களுக்கு என் யோசனை: சேஸியில் ஏற்றும் முன்பே தரையில் என்ஜினை ஓட்டிவிடுங்கள்.

உருவி எடுத்த ஹார்னஸைக் கராஜ் தரையில் மீன்வலை மாதிரி விரியுங்கள். கார் எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ அதே திசையில். இசியு, ஃபியூஸ் பெட்டி, இக்னிஷன் சாவி, மீட்டர் போர்டு எல்லாம் அதனதன் இடத்தில். என்ஜினை ஒரு கட்டையான ஸ்டாண்டில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். ரேடியேட்டர், ஒரு கேனில் பெட்ரோல், பம்ப், புகைக்குழாய், தீயணைப்பான், கராஜ் கதவு முழுக்கத் திறந்து. இப்போது ஒன்றையும் வெட்டாத நிலையில் என்ஜின் ஓட வேண்டும். ஓடிய பிறகு ஏர்பேக், கண்ணாடி மோட்டார், ரேடியோ, ஹெட்லைட் மோட்டார் என்று வேண்டாத ஒயர்களை ஒவ்வொன்றாக நீக்குங்கள். ஒவ்வொரு நீக்கத்துக்கும் பிறகு ஒரு முறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஓடாமல் போனால் கடைசியாகத் தொட்டதுதான் குற்றவாளி. துப்பறிய வேண்டிய வேலையே இல்லை.

எனக்கு முதல் முறை செல்ஃப் மோட்டார் "டிக்" என்று ஒரு சத்தத்தோடு நின்றது. பேட்டரி புதுசு, செல்ஃப் நன்றாக இருந்தது. இரண்டு மாலை போனது. கடைசியில் பார்த்தால் என்ஜினுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் இருந்த எர்த் பட்டையைப் பாடியோடு கழற்றி எங்கோ வைத்திருந்தேன். ஜம்ப் கேபிள் ஒன்றை வைத்துத் தொட்டதும் முதல் சுற்றிலேயே பிடித்தது. அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் தேநீர்க் கோப்பையோடு வந்து வாசலில் நின்றார். ஓடாத எந்த என்ஜினுக்கும் முதலில் எர்த்தைப் பாருங்கள். சேஸிக்குப் பவுடர் பெயின்ட் அடித்திருப்பார்கள். எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிய வேண்டும்.

பிரேக், எடைக்கணக்கு

எம்எக்ஸ்-5 ஏறக்குறைய 950 கிலோ. உங்கள் கார் 600 சொச்சம். டோனரின் ஸ்பிரிங் இதற்கு மிகக் கடினம், அதனால்தான் செவன் கிட்டில் தனி ஸ்பிரிங் வருகிறது. பிரேக்கிலும் இந்தக் கணக்கு உண்டு. பெரும்பாலான செவன்களில் மிதிக்கும் பலத்தைப் பெருக்கும் பிரேக் சர்வோவைப் போடுவதில்லை, இடமும் இல்லை, தேவையும் இல்லை. சர்வோ இல்லாமல் டோனரின் மாஸ்டர் சிலிண்டரை வைத்தால் பெடல் கல் மாதிரி இருக்கும். சற்றுக் குறுகிய துளையுள்ள மாஸ்டர் சிலிண்டர் போட்டால் அதே மிதிக்கு அழுத்தம் கூடும், பெடல் கொஞ்சம் அதிகம் இறங்கும். முன் பின் சமநிலை மாறியிருப்பதால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளக் கூடாது. ஆளில்லாத இடத்தில், ஈரத் தரையில், மெதுவான வேகத்தில் சோதித்துவிட்டே வெளியே போங்கள்.

சோதனையும் பதிவும்

வீட்டில் கட்டிய கார் ரோட்டுக்கு வர ஐவிஏ என்ற தனிவாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும். டோனர் பாகங்களால் இதில் அடிபடும் இடங்கள் சிலதான்.

புகைச் சோதனை என்ஜினின் வயதைப் பொறுத்தது. 1992 ஆகஸ்டுக்கு முந்திய என்ஜினுக்குத் தளர்வான அளவு. அதற்குப் பிந்தியதற்குப் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் புகையில் ஆக்சிஜனை அளக்கும் லாம்டா சென்சாரும் ஒழுங்காக வேலை செய்தால்தான் தேறும். டோனரின் வி5சியை இதற்காகவும் பத்திரப்படுத்துங்கள்.

ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது. டயர் அளவும் டிஃபரன்ஷியல் விகிதமும் மாறியிருந்தால் டோனர் மீட்டர் பொய் சொல்லும். போன் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டு முன்பே சரிசெய்யுங்கள்.

செவன்காரர்கள் பலர் தோற்பது ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புகிறதா என்ற சோதனையில். முன்பக்கம் எடை குறைந்துவிட்டதால் திரும்பிய சக்கரம் அப்படியே நின்றுகொள்ளும். காஸ்டர் கோணத்தை (ஸ்டியரிங் அச்சு பின்னால் சாயும் அளவு) கூட்டுவதும் டோ அளவை (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மாற்றிப் பார்ப்பதும்தான் வழி. நான் முதல் முறை இதிலேதான் தோற்றேன். இரண்டாம் முறை தேறினேன்.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புகளை 100 மிமீ பந்து ஒன்றை வைத்து உருட்டிப் பார்ப்பார்கள். பந்து தொடும் இடம் 2.5 மிமீ ஆரமாவது மழுங்கியிருக்க வேண்டும். விஷ்போன் போல்ட்டுகளுக்குப் பிளாஸ்டிக் மூடி ஒரு பை வாங்கி வையுங்கள். விண்ட்ஸ்கிரீன் வைத்தால் வாஷரும் வைப்பரும் கண்ணாடிப் பனி நீக்கமும் வேண்டும். டோனரின் வாஷர் பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டு, சோதனைக்கு நாலு நாள் முன்னால் அதே பாட்டிலைப் பழைய பாகக் கடையில் காசு கொடுத்து வாங்கினேன். தேறும் வரை டோனரின் ஒரு பிராக்கெட்டைக்கூட வீசாதீர்கள்.

நம்பர் பிளேட் இல்லாமலே முன்பதிவு செய்த சோதனைக்கு ஓட்டிப் போகலாம், காப்பீடு கட்டாயம். தேறியதும் டிவிஎல்ஏவுக்கு விண்ணப்பம். வி627/1 என்ற படிவத்தில் எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். ஒரே டோனரின் இரண்டு முக்கியப் பாகங்கள் புதிய கிட் சேஸியில் பொருத்தப்பட்டிருந்து, ரசீதும் படமும் வி5சியும் அதற்குச் சான்று சொன்னால், டோனரின் வயதுக்கேற்ற எண் கிடைக்க வழி உண்டு. வயதை நிறுவ முடியாவிட்டால் கியூ என்ற எழுத்தில் தொடங்கும் எண்தான். அன்றைய விதியைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள், அவ்வப்போது மாறுகிறது.

பதிவு வந்த பிறகு முதல் 100 மைலில் ஒரு முறை, 500 மைலில் ஒரு முறை எல்லா நட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். முறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தேன். எங்காவது தளர்ந்தால் கோடு இரண்டாக விலகித் தெரியும். என் காரில் 100 மைலில் இரண்டு கோடு விலகியிருந்தன; இரண்டும் டிஃபரன்ஷியல் மவுன்டிங்கில்.